வாக்கெடுப்புக்கு முன்பே நம்மைத் தோற்கடிக்கும் விதிகள்



கொழுந்து நிறுக்கும் இடத்தில் நிற்கிற எந்த அக்காவையும் கேட்டுப் பாருங்கள். கூடையில் எத்தனை கிலோ இருக்கிறது என்பதைவிட எத்தனை கிலோ கழிக்கப் போகிறார்கள் என்பதுதான் அவருக்குக் கவலை. தண்ணீருக்கு இவ்வளவு, சாக்குக்கு இவ்வளவு, முற்றிய இலைக்கு இவ்வளவு என்று கழித்த பிறகு மிஞ்சுவதுதான் செக்ரோலில் ஏறும். அந்தக் கழிவை யார் தீர்மானித்தார்கள், எந்தத் தாளில் எழுதியிருக்கிறது என்று கேட்டால் பதில் வராது. கேட்டவர் பெயர் மட்டும் அடுத்த நாள் பிரட்டுக்களத்தில் அடிபடும்.

பாராளுமன்றத்திலும் இப்படி ஒரு கழிவு நடக்கிறது. ஒரு சட்டமூலம் வந்தால் யார் ஆதரவாகக் கை தூக்கினார், யார் எதிராகத் தூக்கினார் என்று மட்டும்தான் நாம் பார்க்கிறோம். அதற்கு முன்பே, விவாதம் எத்தனை நாள், பேச எத்தனை நிமிடம், எந்த நேரத்தில் திருத்தம் கொண்டுவரலாம், மக்கள் கையில் அந்தத் தாள் எப்போது கிடைக்கும் என்பதெல்லாம் வேறோர் அறையில் முடிவாகிவிடுகிறது. நம் மக்களுக்கு எதிராக வந்த சட்டங்களில் பாதிக் காரியம் அந்த அறையிலேயே முடிந்திருக்கிறது என்பது எங்கள் வாதம்.

“சம்பளப் பிரச்சினை, லயத்துக் கூரை, பிள்ளைக்கு ஆசிரியர் இல்லாத பிரச்சினை எல்லாம் இருக்க, பாராளுமன்ற விதியைப் பற்றி எங்களுக்கு எதற்குப் பாடம்?” என்று சில தலைவர்மார் கேட்கிறார்கள். ஆசிரியர் வேலை பார்க்கிறவர்கள் எதையும் பாடமாக்கிவிடுவோம் என்ற கேலியும் அதில் இருக்கிறது. இருக்கட்டும். சம்பளமும் கூரையும் ஆசிரியரும் அந்த விதியோடு எப்படிக் கட்டப்பட்டிருக்கின்றன என்பதைத்தான் கீழே சொல்கிறோம்.

முதலில் நம் தாத்தா பாட்டி காலத்துக் கதை. 1947 பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் 7 ஆசனங்களை வென்றது. நுவரெலியாவில் சௌமியமூர்த்தி தொண்டமான், தலவாக்கலையில் சி. வி. வேலுப்பிள்ளை என்று நம்மவர்கள் சபைக்குப் போனார்கள். நியமன உறுப்பினர்களையும் சேர்த்து 101 பேர் இருந்த சபையில் அந்த 7 பேர். சுதந்திரம் கிடைத்து ஏழு மாதம்கூட முழுதாகக் கழியாத 1948 ஓகஸ்டில் பிரஜாவுரிமைச் சட்டமூலம் விவாதத்துக்கு வந்தது. 7 பேரும் எதிர்த்தார்கள், இடதுசாரிகளும் எதிர்த்தார்கள். நடந்தது என்ன என்று எல்லோருக்கும் தெரியும். 18ஆம் இலக்கச் சட்டமாக அது நிறைவேறி 1948 நவம்பர் 15இல் நடைமுறைக்கு வந்தது.

அதைக் கொண்டுவந்த முறையை நாம் போதுமான அளவு கவனிக்கவில்லை. ஒரே காரியத்தை அவர்கள் துண்டு துண்டாக வெட்டினார்கள். முதலில் பிரஜை யார் என்று சொல்லும் சட்டம். தகப்பன் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும், அல்லது பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும் என்றது. லயத்தில் பிறந்த பிள்ளையின் பூட்டனுக்கு எவன் பிறப்புச் சான்றிதழ் எழுதி வைத்தான்? அதே ஆண்டில் குடிவரவு குடியகல்வுச் சட்டம், 20ஆம் இலக்கம். அடுத்து 1949இல் இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம், 3ஆம் இலக்கம்: விண்ணப்பம் போடுங்கள், பார்க்கலாம் என்றார்கள். கடைசியாக அதே 1949இல் 48ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டம்: பிரஜை இல்லாதவருக்கு வாக்கு இல்லை என்றது.

ஒவ்வொரு துண்டையும் தனியே எடுத்தால் எந்த நாட்டிலும் இருக்கக்கூடிய சட்டம் போலத் தெரியும். பிரஜாவுரிமைச் சட்டம் இல்லாத நாடு உண்டா என்று கேட்டார்கள். பிரஜைக்குத்தானே வாக்கு என்று கேட்டார்கள். முழுதாக ஒட்டிப் பார்த்தால்தான் அது நம் கழுத்துக்குப் போட்ட சுருக்கு என்று தெரியும். ஆனால் முழுதாக ஒட்டி விவாதிக்கச் சபையின் ஒழுங்கு இடம் கொடுக்கவில்லை, ஏனென்றால் அந்தந்த நாளில் அந்தந்தச் சட்டமூலம்தான் சபைமுன் இருந்தது. ஒரு சமூகத்துக்கு மட்டும் பாதகமாகச் சட்டம் செய்யக்கூடாது என்று சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவு சொன்னது. அதைப் பிடித்துக்கொண்டு லண்டன் பிரிவி கவுன்சில் வரை வழக்குப் போனது. 1953இல் அங்கேயும் இந்தச் சட்டங்கள் செல்லும் என்று தீர்ப்பு வந்தது.

8 லட்சத்துக்கும் அதிகமானவர்களின் பெயரில் விண்ணப்பங்கள் போடப்பட்டன. பிரஜாவுரிமை கிடைத்தது சுமார் 1,34,000 பேருக்கு. 1952 முதல் 1977 வரை மலையகத் தொழிலாளர் வாக்கால் தெரிவான ஒருவர் அந்தச் சபையில் இருக்கவில்லை. அந்தக் கால் நூற்றாண்டுக்குள்தான் 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமாவும் சாஸ்திரியும் நம்மைத் தலைக்கணக்குப் போட்டுப் பங்கு பிரித்தார்கள். 5,25,000 பேர் அங்கே, 3,00,000 பேர் இங்கே, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். பத்து வருடம் கழித்து அந்த மிச்சத்தையும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். நம் பெரியவர்கள் ஒப்பாரிக் கோச்சி என்று சொன்ன அந்த ரயிலில் ஏறியவர்களிடம் யாரும் அபிப்பிராயம் கேட்கவில்லை. எந்த விவாதத்திலும் அவர்களுக்கு ஒரு நிமிடம் ஒதுக்கப்படவில்லை.

அதே சபை 2003 ஒக்டோபரில், எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்குப் பிரஜாவுரிமை கொடுக்கும் சட்டத்தை எல்லாக் கட்சிகளின் ஆதரவோடும் நிறைவேற்றியது. மனது வைத்தால் முடியும் என்பதற்கு அது சாட்சி. நடுவில் போன 55 வருடத்துக்கு யாரும் கணக்குச் சொல்லவில்லை.

பழைய கதை போதும், இப்போதைய விதிக்கு வருவோம்.

இன்றைக்கு ஒரு சட்டமூலம் வர்த்தமானியில் வெளியாகி, பிறகு பாராளுமன்ற ஒழுங்குப் பத்திரத்தில் ஏறும். ஏறிய பிறகு சில நாட்களுக்குள் மட்டும் எந்தப் பிரஜையும் உயர் நீதிமன்றத்துக்குப் போய் இது யாப்புக்கு முரண் என்று சொல்லலாம். அந்த நாட்கள் போய்விட்டால் கதவு சாத்தப்படும். நிறைவேறிச் சபாநாயகர் கையெழுத்து வைத்த சட்டத்தை எந்த நீதிமன்றமும் கேள்வி கேட்க முடியாது என்று 1978 யாப்பின் 80ஆம் உறுப்புரை சொல்கிறது. இந்தியாவில் சட்டம் வந்த பிறகும் நீதிமன்றம் அதைத் தள்ளலாம். நமக்கு அந்த வழி கிடையாது. ஆகவே சட்டம் வருவதற்கு முன்னால் இருக்கும் அந்தச் சில நாட்கள்தான் நமக்கு உயிர்நாடி. அந்த நாட்களில் சட்டமூலம் நானுஓயாவுக்கோ இராகலைக்கோ வருகிறதா? வர்த்தமானியைக் கண்ணால் கண்ட தோட்டத் தலைவர் எத்தனை பேர்?

அந்தச் சில நாட்களையும் பிடுங்கிக்கொள்ள ஒரு வழி வைத்திருந்தார்கள். அதன் பெயர் அவசரச் சட்டமூலம். தேசிய நலனுக்கு அவசரம் என்று அமைச்சரவை ஒரு சான்று எழுதினால், மக்கள் பார்க்கும்படி வர்த்தமானியில் வெளியிடாமலே அதை உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பலாம். நீதிமன்றம் 24 மணி நேரத்தில், அல்லது கூடிப்போனால் 3 நாளில் முடிவு சொல்ல வேண்டும். ஜனாதிபதி இரண்டு தடவைக்கு மேல் போட்டியிடக்கூடாது என்ற தடையை நீக்கிய 18ஆம் திருத்தம் 2010 செப்டெம்பரில் இப்படித்தான் வந்தது. 37 நிறுவனங்களை அரசுக்கு எடுத்த 2011 நவம்பர்ச் சட்டமும் இப்படித்தான் வந்தது. அதில் பெல்வத்தை, செவனகல சீனித் தொழிற்சாலைகளும் இருந்தன. அங்கே கரும்பு வெட்டிய தொழிலாளிக்குத் தன் முதலாளி மாறப்போகிறார் என்பதே சட்டம் வந்த பிறகுதான் தெரியும். 2015இல் 19ஆம் திருத்தம் இந்த அவசர வழியை அடைத்தது. 2020இல் 20ஆம் திருத்தம் திரும்பத் திறந்தது. வீட்டுக் கதவின் தாழ்ப்பாளை வருகிறவர் போகிறவர் எல்லாம் கழற்றி மாட்டுவது போல இருக்கிறது.

அவசரம் என்ற வார்த்தையை நாங்கள் வெறுக்கவில்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி மீரியபெத்தையில் மலை சரிந்து லயத்தோடு மக்களை மூடியபோது அவசரம் இருந்தது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் நம் மலைகளை உடைத்தபோதும் அவசரம் இருந்தது. பாதுகாப்பான இடத்தில் சொந்தக் காணி என்ற ஒரு வரிச் சட்டத்துக்கு அந்த அவசரச் சான்று ஏன் ஒருநாளும் எழுதப்படவில்லை என்றுதான் கேட்கிறோம்.

இனி 2017. இது நம் பிள்ளைகளின் பாடசாலையைத் தொட்ட விஷயம் என்பதால் கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள்.

அந்த வருடம் மாகாண சபைத் தேர்தல் திருத்தச் சட்டமூலம் ஒன்று வந்தது. வேட்புமனுவில் பெண்களுக்கு இடம் கொடுப்பதற்கான சின்னச் சட்டமூலம். நல்ல விஷயம், நம் மாதர் அணியே கேட்டுவந்த விஷயம். செப்டெம்பர் 20ஆம் திகதி இரண்டாம் வாசிப்பு விவாதம் முடிந்து குழுநிலைக்கு வந்தது. குழுநிலை என்றால் பிரிவு பிரிவாகப் பார்த்துச் சொல் திருத்தம் செய்யும் கட்டம். அந்தக் கட்டத்தில், பெண்கள் ஒதுக்கீட்டுக்குச் சம்பந்தமே இல்லாத பக்கம் பக்கமான திருத்தங்களைக் கொண்டுவந்து, மாகாண சபைத் தேர்தல் முறையையே மாற்றிவிட்டார்கள். விகிதாசார முறை போய்த் தொகுதியும் விகிதாசாரமும் கலந்த முறை வந்தது. 159 பேர் ஆதரவு, 37 பேர் எதிர்ப்பு. நம் வாக்கில் போனவர்களின் கைகளும் ஆதரவில்தான் இருந்தன என்பதை அவரவர் தொகுதி மக்கள் விசாரித்துக்கொள்ளட்டும்.

இந்தத் திருத்தங்கள் வர்த்தமானியில் வரவில்லை. ஆகவே யாரும் உயர் நீதிமன்றத்துக்குப் போய் அவற்றை எதிர்க்க வாய்ப்பே இருக்கவில்லை. பெண்களுக்கு இடம் என்ற கூடையின் மேலே நாலு நல்ல கொழுந்தை வைத்து, உள்ளே எதையோ திணித்து நிறுத்தார்கள்.

பிறகு நடந்ததுதான் கொடுமை. புதிய முறைக்குத் தொகுதி எல்லை பிரிக்க வேண்டும். எல்லை பிரித்த அறிக்கை 2018 ஓகஸ்டில் சபைக்கு வந்தபோது அதற்கு ஆதரவாக ஒருவர்கூட வாக்களிக்கவில்லை. அதைச் சமர்ப்பித்த அமைச்சரே எதிர்த்து வாக்களித்தார்! பழைய முறை சட்டத்தில் இல்லை, புதிய முறைக்கு எல்லை இல்லை. மத்திய மாகாண சபையின் காலம் 2018இல் முடிந்தது. அதன்பிறகு தேர்தலும் இல்லை, தெரிவான உறுப்பினரும் இல்லை. எல்லாம் ஆளுநர் கையில்.

நம் தோட்டப் பாடசாலைகளில் பெரும்பாலானவை மாகாண சபையின் கீழ் வருபவை. அந்தச் சபையில் தமிழ்க் கல்விக்குப் பொறுப்பாக நம்மவர் ஒருவர் அமைச்சராக இருந்த காலம் உண்டு. அவரிடம் நாலு குறை இருந்தது, நாங்களே சண்டை பிடித்திருக்கிறோம். ஆனால் சண்டை பிடிக்க ஓர் ஆள் இருந்தார், அடுத்த தேர்தலில் வாக்குக் கேட்டு நம் லயத்துக்கு அவர் வரவேண்டியிருந்தது. இன்று கணித ஆசிரியர் இல்லை, கழிவறை இல்லை என்று நாங்கள் எழுதும் கடிதங்கள் போகிற இடத்தில் நம் வாக்குக்குப் பயப்பட ஒருவரும் இல்லை. குழுநிலையில் ஒரு பிற்பகலில் செய்த வேலைக்கு ஒரு தலைமுறைப் பிள்ளைகள் விலை கொடுக்கிறார்கள்.

ஈ.பி.எப். கதை இன்னும் குறுகியது. 2023 ஜூன் கடைசியில் வங்கிகளை மூடி நீண்ட விடுமுறை விட்டார்கள். ஜூலை 1, சனிக்கிழமை, விசேட அமர்வு. உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்புத் தீர்மானம் ஒரே நாளில் 122க்கு 62 என்று நிறைவேறியது. நம் வியர்வையில் சேர்ந்த சேமலாப நிதியின் பிணைமுறிகளை நீண்டகாலப் பிணைமுறிகளாக மாற்றிக்கொள்ள வேண்டும், மாட்டேன் என்றால் நிதியின் வருமானத்துக்கு 30 வீத வரி என்றார்கள். பணத்துக்குச் சொந்தக்காரர்களான தொழிலாளர்களிடம் கேட்டார்களா? கேட்பதற்கு அந்தச் சனிக்கிழமையில் நேரம் எங்கே இருந்தது?

நிகழ்நிலைக் காப்புச் சட்டம் 2024 ஜனவரியில் இரண்டு நாள் விவாதத்தில் போனது. உயர் நீதிமன்றம் சொன்ன திருத்தங்கள் முழுதாகச் சேர்க்கப்படவில்லை என்று எதிர்க்கட்சி சபாநாயகர்மீது நம்பிக்கையில்லாப் பிரேரணையே கொண்டுவந்தது. பிரேரணை தோற்றது, சட்டம் நின்றது. சபாநாயகர் ஏற்கெனவே கையெழுத்து வைத்தாயிற்று அல்லவா.

இது இலங்கையின் நோய் மட்டும் இல்லை. கென்யாவிலிருந்த இந்திய வம்சாவளியினர், பிரிட்டிஷ் கடவுச்சீட்டை வைத்திருந்தும், பிரிட்டனுக்குள் வராமல் தடுக்க 1968இல் லண்டன் பாராளுமன்றம் ஒரு குடிவரவுச் சட்டத்தை மூன்றே நாளில் நிறைவேற்றியது. இந்தியாவில் 2020 செப்டெம்பரில் தொழிலாளர் சட்டங்களை மாற்றிய மூன்று தொகுப்புகள், எதிர்க்கட்சிகள் வெளியேறியிருந்த சபையில் நிறைவேறின. அசாம், நீலகிரித் தேயிலைத் தொழிலாளருக்கான 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டமும் அவற்றுள் ஒன்றுக்குள் கரைந்தது. அமெரிக்காவில் இதற்கென்றே பிரதிநிதிகள் சபையில் ஒரு விதிக்குழு இருக்கிறது. 13 பேர், அதில் 9 பேர் பெரும்பான்மைக் கட்சிக்காரர். எந்தச் சட்டமூலத்துக்கு எத்தனை மணி நேரம், திருத்தத்துக்கு இடம் உண்டா இல்லையா என்று அந்தக் குழு முன்கூட்டியே எழுதிவிடும். 2025 ஜனவரியில் லொஸ் ஏஞ்சல்ஸ் எரிந்துகொண்டிருந்தபோது, காட்டுத்தீயைக் காரணம் காட்டிய காடு பராமரிப்புச் சட்டமூலமும், குடியேறிகளைத் தடுத்துவைக்கும் சட்டமூலமும் ஒரே வாரத்தில் அங்கே நிறைவேறின.

ஆனால் அவர்களிடம் ஒன்று இருக்கிறது. அந்த விதியையே ஒரு தாளில் எழுதிச் சபைமுன் வைத்து, அதற்கும் ஒரு வாக்கெடுப்பு நடத்துகிறார்கள். விவாதத்தை ஒரு மணி நேரமாகச் சுருக்கியது யார் என்று பெயரோடு பதிவாகும். நம் நாட்டில் பாராளுமன்ற அலுவல்கள் பற்றிய குழு, கட்சித் தலைவர்கள் கூட்டம் என்று மூடிய அறையில் பேசி, “கட்சித் தலைவர்கள் உடன்பட்டார்கள்” என்று ஒரு வரி வெளியே வரும். யார் உடன்பட்டார், யார் மறுத்தார் என்பது தெரியாது. கட்சிக்குள்ள ஆசனக் கணக்கில்தான் நேரம் பிரிப்பார்கள். நம் உறுப்பினருக்குக் கிடைக்கும் சில நிமிடங்களில் அவர் உரக்கப் பேசியதைப் படம் பிடித்து முகநூலில் போடுவார்கள், நாமும் பார்த்துக் கைதட்டுவோம். அந்தச் சில நிமிடங்களை ஒரு மணி நேரமாக்க அவர் எந்தக் கூட்டத்தில் வாதாடினார் என்று யாராவது கேட்டதுண்டா? குழுநிலையில் ஏதாவது பேசினாரா, பேசாமலே இருந்துவிட்டாரா என்று ஹன்சாட்டைப் பார்த்தால் தெரியும்.

மொழியையும் சொல்லவேண்டும். சட்டங்கள் மூன்று மொழியிலும் வருகின்றன, சரி. ஆனால் சட்டத்தின் கடைசியில், முரண்பாடு வந்தால் சிங்கள உரையே மேலோங்கும் என்று ஒரு பிரிவு இருக்கும். கடைசி நேரத்தில் சபையில் திணிக்கப்படும் திருத்தத்தைத் தமிழ் வாசகனுக்கு நிதானமாகப் பார்க்க நேரமே இருப்பதில்லை. அதில் சொல் தவறினாலும் தவறான சொல்லுக்கு மதிப்பில்லை, நாம் வாசிக்க முடியாத சொல்லுக்குத்தான் மதிப்பு.

ஆகவே சங்கம் தெளிவாக ஒரு நிலைப்பாடு எடுக்க வேண்டும் என்று நானுஓயாக் கிளைகள் சார்பில் கேட்கிறோம். வர்த்தமானியில் வராத விஷயத்தைக் குழுநிலையில் புகுத்தினால், சட்டமூலம் திரும்ப வர்த்தமானிக்குப் போய், மக்கள் நீதிமன்றம் போகும் நாட்கள் புதிதாகத் தொடங்க வேண்டும். 2017இல் இந்த ஒரு விதி இருந்திருந்தால் இன்று மாகாண சபை இருந்திருக்கும். தொழிலாளர், காணி, வீடு, சேமலாப நிதி சம்பந்தப்பட்ட எந்தச் சட்டமூலத்தையும் அவசரம் என்று சொல்ல அனுமதிக்கக்கூடாது. துறைசார் மேற்பார்வைக் குழு அதை ஆராயும்போது ஓர் அமர்வாவது மலையகத்தில், தமிழில் நடக்க வேண்டும். வேலைநாளில் வைத்தால் அன்றைய பேர் முழுப்பேராகப் போட வேண்டும். இல்லாவிட்டால் கம்பெனிக்காரர் மட்டும்தான் வருவார்கள். முதலாவதாக, மாகாண சபைத் தேர்தல் சட்டத்தில் அன்று விழுந்த முடிச்சை அவிழ்க்க ஒரு சட்டமூலம் உடனே வரவேண்டும்.

இவற்றை எழுதிய மகஜர் அடுத்த சந்தா வாரத்தில் உங்கள் தலைவர், தலைவிமாரிடம் வரும். கையெழுத்துப் போடுமுன் பிள்ளைகளை விட்டு ஒருமுறை உரக்க வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். புரியாத இடத்தைக் கோடு போட்டு அனுப்புங்கள், திருத்தித் தருகிறோம். ஞாயிற்றுக்கிழமை பின்னேர வகுப்பு முடிந்ததும், அந்த வாரம் வந்த வர்த்தமானியில் நம்மைத் தொடும் பகுதிகளை வாசித்துக் காட்டவும் ஏற்பாடு செய்திருக்கிறோம். கொழுந்து மலை முடிந்து வருகிறவர்களுக்காக நாலரை மணிக்குத்தான் தொடங்குவோம். தேத்தண்ணி உண்டு, கிளாசை மட்டும் வீட்டிலிருந்து கொண்டுவாருங்கள்.